சாரணர் ஏறும் படிகள்

தொண்டூரிலிருந்து செஞ்சிக்குச் செல்லும்போதெல்லாம் ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து நோக்குவேன். அவ்வுச்சியை ஒரே தாவலில் அடைந்தவர் எவருமிலர், படிப்படியாகவே ஏறவேண்டும். சாரணர் இயக்கத்தின் நிலைகளுக்கும் ‘சோபானம்’ என்றே பெயர்; படி என்பது அதன் பொருள்.

ஆனால், நம் சிறுவர்க்கு அப்படிகளின் வாயில் ஒருகாலத்தில் அடைத்திருந்தது. 1907இல் பேடன் பவல் பிரௌன்சீத் தீவில் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்தது அவ்வியக்கம். 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது, ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களையே அது ஏற்றது. 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் கண்டனர். பிரிந்து நின்ற சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7இல் ஒன்றாயின. 1951இல் சாரணியரும் இணைந்தனர். மன்னர் பெயரால் வழங்கிய உயர்நிலை, குடியரசுத் தலைவர் விருதாயிற்று.

மூன்று சோபானங்களையும், ஆளுநரின் ராஜ்ய புரஸ்கார் விருதையும் கடந்தோரே அதனை எட்டலாம். முடிச்சிடுதல், முதலுதவி, முகாம் வாழ்வு, ஊர்த்தொண்டு ஆகிய யாவும் அவ்வழியில் கற்கவேண்டியவை.

மாணவர்களே, அடைத்த வாயிலை முன்னோர் திறந்தனர். படிகளை ஏறவேண்டியவை உங்கள் கால்களே அன்றோ!