லாக்ஸ்டன்: ஒரு சிற்றூரின் ஆட்சியும் அதனைக் குறிக்கும் சொற்களும்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில் அமைந்த லாக்ஸ்டன், அளவில் சிறியதோர் ஊர். எனினும் ஆட்சியியல் சொற்களை மொழிபெயர்ப்போர் கருத்தில் கொள்ள வேண்டிய வரலாறு அதற்கு உண்டு. இடைக்கால நிலமன்றம், சமயப் பங்கு, மக்களாட்சி சார்ந்த உள்ளாட்சி ஆகிய மூன்று அடுக்குகளை இவ்வூரின் வரலாற்றில் ஒருங்கே காணலாம்.

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கில் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. நார்மானியர் எழுப்பிய மண்மேட்டுக் கோட்டையின் எச்சம் இன்றும் ஊரின் வடபால் காணப்படுகிறது. 1635இல், அன்றைய நிலவுடைமையாளரான வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்னும் நில அளவர் ஊர் முழுவதையும் அளந்து நிலப்படம் வரைந்தார். ஒவ்வொரு நிலக்கீற்றையும் காட்டும் அப்படம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பொது வயல்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேலியடைக்கப்பட்டுத் தனித்தனிப் பண்ணைகளாயின. லாக்ஸ்டனிலும் நிலத்தின் ஒரு பகுதி அவ்வாறு பிரிந்தது. ஆயினும் மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்னும் மூன்று பெருவயல்கள் வேலியின்றி எஞ்சின. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதில் தரிசு என மூவாண்டுச் சுழற்சியில் அவை பயன்படுத்தப்பட்டு வந்தன. ஓர் உழவரின் நிலம் ஒரே இடத்தில் அமையாமல் கீற்றுகளாக மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். ஆதலின் ஒருவர் எல்லை மீறி உழுதால் அண்டை உழவரின் நிலமோ பொதுப்பாதையோ குறையும். அதனைத் தடுக்க ஓர் அமைப்பு தேவையாயிற்று.

அவ்வமைப்பே 'கோர்ட் லீட்' எனப்படும் நிலமன்றம். ஆண்டின் இறுதியில், கோதுமை விதைத்த வயலை உழவர்களுள் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு சுற்றிப் பார்த்து, எல்லைக்குச்சிகளை நட்டு, மீறல்களைக் குறித்துக்கொள்ளும். பின்னர் ஊர் விடுதியில் மன்றம் கூடித் தண்டம் விதிக்கும். தண்டத் தொகை சிறிதே. அயலார் முன்னிலையில் குற்றம் அறிவிக்கப்படுவதே அதன் வலிமை எனலாம். 1977ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் நீதியதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டன் மன்றத்திற்கு மட்டும் விலக்களித்தது.

இதற்கு இணையாக வேறோர் அமைப்பும் வளர்ந்தது. தேவாலயத்தை மையமாகக் கொண்ட 'பாரிஷ்' என்னும் பிரிவு, 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தால் வறியோரைப் பேணும் பொறுப்பினையும் ஏற்றது. 'வெஸ்ட்ரி' எனப்பட்ட கூட்டம் அதனை நடத்தியது. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சமயக் கடமைகளையும் குடிமைக் கடமைகளையும் பிரித்தது. குடிமைக் கடமைகளை மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடமோ, சிற்றூர்களாயின் வாக்காளர் கூட்டத்திடமோ ஒப்படைத்தது. லாக்ஸ்டன் இன்று மூர்ஹவுசுடன் இணைந்த ஒரு குடிமைப் பிரிவாகும். மேலடுக்கில் நியூவார்க்-ஷெர்வுட் வட்டார மன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டது.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் எழுகிறது. நிலமன்றம், வெஸ்ட்ரி, குடிமை மன்றம் ஆகிய மூன்றையும் 'ஊராட்சி' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் எட்டு நூற்றாண்டு வரலாறு மறைந்துவிடும். 'பாரிஷ்' என்பதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'பங்கு' என்னும் சொல், 1894க்கு முந்தைய நிலைக்கு ஓரளவு பொருந்தும். அதன் பின்னர் 'குடிமைப் பங்கு' என அடைகொடுத்து வழங்குதல் தேவை. ஆனால் தமிழக நிலவுடைமை ஆவணங்களில் 'பங்கு' என்பது ஊர்நிலத்தின் உரிமைக்கூற்றையும் குறிக்கும். லாக்ஸ்டனின் நிலத்தைப் பேசும் கட்டுரையில் இவ்விரு பொருளும் மயங்கக்கூடும். அவ்வாறே கீற்றுமுறையைக் 'கரையீடு' என்பதும் பொருந்தாது. கரையீட்டில் நிலம் குறித்த காலத்திற்கொருமுறை பங்காளிகளிடையே மாற்றி வழங்கப்பட்டது; லாக்ஸ்டனிலோ பயிர் மட்டுமே சுழன்றது, கீற்று அதனை உழுதவரிடமே நின்றது. மாறாக, அலையும் கால்நடையை அடைக்குமிடத்திற்குத் 'தொண்டுப்பட்டி' என்னும் பழஞ்சொல் முற்றும் பொருந்துகிறது.

நிலவுடைமை பலமுறை கைமாறியது. மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து 1952இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981இல் அது முடியரசுப் பண்ணையகத்திற்குச் சென்றது. 2020இல் அதே பிரபுக்குடும்ப மரபைச் சேர்ந்த தோர்ஸ்பி பண்ணையகம் மீண்டும் பெற்றது. உடைமையாளர் மாறினும் எல்லைக்குச்சி நடும் உரிமை உழவரிடமே இருந்து வந்துள்ளது. எனவே இம்மன்றத்தைப் 'பிரபுவின் நீதிமன்றம்' எனப் பெயர்ப்பதைவிட 'வயல் மன்றம்' எனப் பெயர்ப்பதே அதன் செயலுக்கு நெருங்கியதாகும். ஓர் அமைப்பின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதோடு, அது நாள்தோறும் யாரால் இயங்குகிறது என்பதையும் அறிந்த பின்னரே கலைச்சொல்லைத் தெரிவு செய்தல் தகும்.