மேஜருக்கு வெளியே என்ன படித்தோம்?



"நீங்க என்ன மேஜர்?" நம்மில் இருவர் சந்தித்தால் இன்றும் முதல் கேள்வி இதுதான். மேஜருக்கு வெளியே படித்ததை யாரும் கேட்பதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1948-இல் அமைக்கப்பட்ட டாக்டர் ராதாகிருஷ்ணன் கல்விக் குழு, மறு ஆண்டு தந்த அறிக்கையில் பொதுக்கல்வியை வலியுறுத்தியது. அறிவியல் படிப்பவருக்கு இலக்கியமும் சமூகமும், கலை படிப்பவருக்கு அறிவியலும் தெரிய வேண்டும் என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945-இலேயே இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது.

நம் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று மேஜரும் துணைப்பாடங்களும். நான் வேதியியல் படித்த எழுபதுகளில் மேஜரில் முதல் வகுப்பா என்பதே பேச்சு. "தமிழ் பேப்பர்தானேடா, பாஸ் பண்ணினாப் போதும்" என்பது ஹாஸ்டல் வேதம்! 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குப் போயிற்று. புகுமுக வகுப்பு மறைந்தது. சுற்றுச்சூழல் கல்வி பற்றி உச்ச நீதிமன்றம் 1991-இல் தந்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, பின்னாளில் அது எல்லா இளநிலை மாணவர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. பகுதி நான்கு, ஐந்து என்றும் சேர்ந்தன.

பாடங்கள் கூடின, சரி. பயனை அளந்தோமா? 1994-இல் 'நாக்' தோன்றியபின் கல்லூரிகளைத் தரம் பார்க்கிறார்கள், நல்லதே. ஆனால் தேர்ச்சி விழுக்காடு மட்டும் பொதுக்கல்வியை அளந்துவிடாது. அதன் விளைச்சல் இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும். தொழிற்சாலை ஆய்வகத்தில் அமிலத்தின் செறிவைக் கணக்கிட எனக்கு மேஜர் போதுமானதாக இருந்தது. அந்த அமிலத்தின் ஆபத்தைத் தொழிலாளர்களுக்குப் புரியும்படி நாலு வரியில் பலகையில் எழுதவேண்டி வந்தபோது கைகொடுத்தது, 'பாஸ் பண்ணினாப் போதும்' என்ற அந்தத் தமிழ் வகுப்புதான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கூடுகிறோம், சாப்பிடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அப்படியே பட்டம் பெற்று ஐந்து, பதினைந்து, முப்பது ஆண்டு ஆனவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்குவோம்: "மேஜருக்கு வெளியே படித்ததில் எது உங்களுக்கு உதவியது, எது வீண்?" பத்து வருஷம் தொடர்ந்து சேர்த்தால், பாடத்திட்டக் குழுவின் மேஜையில் வைக்க நம்மிடம் நல்லதொரு சான்று இருக்கும். தம்பி தங்கையரே, அதன் பலன் உங்களுக்குத்தான்.