குவாங்சோ தச்சரின் வன்மரக் கலை

பெரனாக்கான் இல்லங்களில் சிப்பி இழைத்த கருமர நாற்காலிகளைக் கண்டு நாம் வியக்கிறோம். அவற்றை ஆக்கியோர் பெயரை அறியோம். இக்கலையின் தாயகம் தென்சீனத் துறைமுகமாகிய குவாங்சோ.

1757இல் சிங் அரசு மேலைநாட்டுக் கடல்வணிகத்தை இந்நகர் ஒன்றிற்கே வரையறுத்தது. 1842 வரை அந்நிலை நீடித்தது. கப்பல்வழி வந்த வன்மரங்கள் தச்சர் கைக்கு எளிதில் எட்டின. ஆகவே அவர்கள் வளைந்த காலையும் ஒட்டுப்போடாமல் ஒரே மரத்தில் செதுக்கினர். மேலைநாட்டு இலைக்கொடி வேலைப்பாட்டையும் தயங்காது ஏற்றனர். பொருத்தும் முறையோ முன்னோர் வழியது: ஒரு மரத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றதன் குழியில் செருகினர், இரும்பாணியை நம்பவில்லை. அவர்தம் திறனறிந்து பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையும் அவர்களை அழைத்துக்கொண்டது.

அவ்வரண்மனை போற்றிய செஞ்சந்தனம், தென்னிந்தியக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். அளவின்றி வெட்டப்பட்டதால் அஃது அருகி, இன்று பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது.

மரம் அருகியதை நாம் அளந்தறியலாம். கைத்திறன் அருகுவதோ கண்ணுக்குப் புலப்படாது. அது நூலில் முழுதும் அடங்குவதன்று. ஆசானின் அருகிருந்து, உளிபிடித்துப் பழகியே பெறுவது. கற்பார் இல்லையெனில் பொருள் எஞ்சும், கலை எஞ்சாது. பழம்பொருளைக் காட்டும்போது, அதனைச் செய்த முறையையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் கடன்.