தேவிகுளத்தில் யார் வாக்களித்திருப்பார்கள்?

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது, வாக்குரிமைக்கு அளவுகோல் பிறப்போ தாய்மொழியோ அன்று, வசிப்பிடமே. எடின்பரோவில் குடியிருந்த ஆங்கிலேயர் வாக்களித்தனர். இலண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்தியருக்கு அவ்வுரிமை இல்லை. 55 விழுக்காட்டினர் பிரிவினையை மறுத்தனர். நாட்டுப் பிரிவினையும் மாநில எல்லையும் ஒன்றல்ல. எனினும் தேவிகுளம், பீர்மேடு சிக்கலின் முடிச்சை அவிழ்க்க இந்த அளவுகோல் உதவும்.

இவ்விரு தாலுகாக்களையும் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரியது நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954இல் போராட்டம் துப்பாக்கிச் சூடு வரை சென்றது. 1955இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம், தெற்கே தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான நான்கு தாலுகாக்களை மொழியடிப்படையில் சென்னைக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையர் என்பது அதற்குத் தெரியாததன்று. ஆயினும் அவர்களுள் பெரும்பகுதியினர் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர் என்றும், மலைநிலம் கேரளத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்றும் கருதியது. ஆணையத்தில் கே. எம். பணிக்கர் இருந்ததையே காரணமாகச் சொல்வோர் உண்டு. அது வாதத்தை மிக எளிதாக்கிவிடுகிறது. ஆராய வேண்டியது 'வந்துபோகுவோர்' என்ற வகைப்பாட்டை.

கண்ணன் தேவன் மலைகள் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து தோட்ட முதலாளிகளுக்குக் கைமாறியது 1877இல். கங்காணிகள் வழியே வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் 1955இல் அதே லயங்களில் இருந்தனர். சமவெளியிலிருந்து ஏறிய மலையாள விவசாயிகளும் குடியேறிகளே. அவர்கள் 'குடியேற்றக்காரர்' எனப்பட்டனர், 'வந்துபோகுவோர்' எனப்படவில்லை. வேறுபாடு நிலத்தில் இருந்தது: ஒருவருக்குப் பட்டா கிடைக்கும் வாய்ப்பு, மற்றவருக்குக் கம்பெனியின் லயம். இருவருக்கும் முன்பே அங்கிருந்த முதுவர், மன்னான் மக்களின் விருப்பத்தையோ எவரும் பொருட்படுத்தவில்லை.

வாக்கெடுப்பு இதைத் தீர்த்திருக்குமா? எவரை ஓர் அலகாகக் கொள்வது என்பதிலேயே விடை அடங்கிவிடுகிறது. தாலுகா அலகானால் தேவிகுளம் ஒரு முடிவு சொல்லும்; திருவிதாங்கூர்-கொச்சி முழுவதும் அலகானால் வேறொன்று. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அங்கே வீட்டுக்குள்ளேயே தமிழும் மலையாளமும் கலந்து புழங்க, கணக்கெடுப்போ ஒரே தாய்மொழியைக் கேட்கிறது. இந்தியாவுக்கு வாக்கெடுப்பு அந்நியமன்று: 1947இல் சில்ஹெட், 1967இல் கோவா. மலையோரத்துக்கு அது வழங்கப்படவில்லை.

1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் தமிழ்ப் பாட்டுப் பாடிக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்கு வாக்குக் கேட்டார், அவரும் வென்றார். லயத்து மக்கள் அன்று வாக்களித்தது கேரளச் சட்டமன்றத்துக்கு.