லூபஸ் சிறுநீரக அழற்சி: பாதிப்பைக் கடுமையாக்கும் காரணிகள்

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்த உறுப்புகளையே தாக்கும் நோயாகும். இத்தாக்குதல் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளைப் பாதிக்கும் நிலையே லூபஸ் சிறுநீரக அழற்சி. உரிய சிகிச்சையால் பலருக்கு இது கட்டுக்குள் வருகிறது. சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படுகிறது. அந்த ஆபத்தைக் கூட்டும் காரணிகளை நீங்களும் உங்களைப் பராமரிப்பவரும் அறிந்திருப்பது நல்லது.

பரிசோதனைகளில் தெரியவருபவை

• சிகிச்சையின் தொடக்கத்திலேயே இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்ந்திருத்தல்.
• பயாப்ஸி முடிவு: இந்நோய் 6 வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. 3, 4ஆம் வகைகள் தீவிரமானவை. 6ஆம் வகையில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட வடிகட்டிகள் தழும்பாகியிருக்கும். அழற்சியை மருந்தால் தணிக்கலாம். தழும்பை மாற்ற இயலாது.
• சிறுநீரில் புரதம் குறையாதிருத்தல்: ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் இது நாளொன்றுக்குச் சுமார் 0.7 கிராமுக்குக் கீழ் இறங்குவது நல்ல அடையாளம்.
• இரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருத்தல்.

குழந்தைப் பருவத்தில் நோய் தொடங்கியவர்களுக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் பாதிப்பு கடுமையாகும் வாய்ப்பு அதிகம். இவற்றை மாற்ற இயலாது. எனினும் கூடுதல் கண்காணிப்பு பயன் தரும்.

உங்களால் தவிர்க்கக்கூடியவை

• தாமதம்: தொடக்க நிலையில் பெரும்பாலும் வலி இராது. எனவே உடல் நலமாகத் தோன்றினாலும் சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.
• மருந்தை நிறுத்துதல்: நோய் மீண்டும் தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் புதிய தழும்புகள் உண்டாகலாம். ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நோய் திரும்புவதைக் குறைக்கிறது. அதை உட்கொள்வோர் மருத்துவர் கூறும் கால இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பக்கவிளைவோ செலவோ தடையானால் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். மாற்று வழி காண இயலும்.
• கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல்.
• மருத்துவர் பரிந்துரையின்றி ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை உட்கொள்ளுதல்.
• திட்டமிடாத கருத்தரிப்பு: நோய் குறைந்தது 6 மாதங்கள் அடங்கியிருந்த பின்னரே கருத்தரிப்பது பாதுகாப்பானது. மைகோஃபீனோலேட் போன்ற மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால் முன்னரே மருத்துவருடன் கலந்து பேசி, அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உடனே மருத்துவரை அணுகவேண்டிய நிலைகள்

கால் அல்லது முகவீக்கம், நுரைத்த அல்லது சிவந்த சிறுநீர், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம்.