நோயாளியின் எடையும் தராசின் முத்திரையும்

பிரிட்டனில் காய்கறிக் கடையின் தராசைச் சோதிக்க உள்ளாட்சி மன்றங்களின் வணிகத் தர அதிகாரிகள் படிக்கற்களுடன் வருவது நெடுநாள் வழக்கம். மருத்துவமனையில் நோயாளி ஏறி நிற்கும் தராசுக்கோ அத்தகைய கவனம் வெகுகாலம் கிட்டவில்லை.

2008, 2009 ஆம் ஆண்டுகளில் இவ்வதிகாரிகள் நாடளாவிய அளவில் மருத்துவமனைத் தராசுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்று துல்லியமற்றது எனத் தெரியவந்தது. வீட்டுக் குளியலறைக்கென விற்கப்படும் தராசுகள்கூட சில இடங்களில் பயன்பாட்டில் இருந்தன.

இது வெறும் கணக்குப் பிழையல்ல. ஜென்டாமைசின், எனொக்ஸாபரின் போன்ற மருந்துகளின் அளவு உடல் எடையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 கிராம் பிழை பொருட்டல்ல. 3 கிலோ எடையுள்ள சிசுவுக்கோ அது பத்து சதவீதம். கிலோவையும் பவுண்டையும் மாறிமாறிக் காட்டும் தராசு இன்னும் ஆபத்தானது. 60 கிலோ என்பது ஏறத்தாழ 132 பவுண்டு. அந்த 132ஐக் கிலோ என்று குறித்துவிட்டால் மருந்தின் அளவு இருமடங்கைத் தாண்டிவிடும்.

சிகிச்சைக்காக எடை பார்க்கும் தராசு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்று 1990 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் பிரிட்டன் இவ்விதியைக் கைவிடவில்லை. 'எம்' என்ற எழுத்து முத்திரையே அதன் அடையாளம். ஆனால் முத்திரை உறுதி செய்வது தராசு பயன்பாட்டுக்கு வந்த நாளின் துல்லியத்தை மட்டுமே. அதன்பின் அது கூடம் கூடமாக உருட்டப்படுகிறது, சமனற்ற தரையில் நிற்கிறது. மறுசோதனையை உரிய காலத்தில் செய்விப்பது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு.