துறைமுகம் வராத 1942

போன போயா லீவில் மருமகனின் லப்டொப்பை வாங்கி 'வேர்ல்ட் ஒஃப் வோர்ஷிப்ஸ்' விளையாடினேன். 2015இல் வந்த விளையாட்டு. எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. பகலெல்லாம் பழுதான போன்களோடு மல்லுக்கட்டும் கடை வாழ்க்கை. உலகம் விளையாடிக் களைத்த பிறகுதான் எதுவும் என் கைக்கு வரும். பிரிட்டிஷ் கப்பல்களின் வரிசையில் விமானந்தாங்கிகளின் பக்கம் போனால் முதலில் நிற்பது ஹெர்மிஸ். நான்காம் படி. பழகுகிறவனுக்குக் கொடுக்கும் கப்பல் என்று அர்த்தம். ஜப்பானியரின் வரிசையில் அதே படியில் ஹோஷோ.

செய்தவர்களுக்குச் சரித்திரம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹெர்மிஸ். 1918இல் தொடங்கிய வேலை இழுபட்டு 1924இல்தான் சேவைக்கு வந்தது. பிந்தித் தொடங்கிய ஜப்பான்காரன் 1922இலேயே ஹோஷோவை முடித்துவிட்டான். இரண்டையும் ஒரே படியில் எதிரெதிரே வைத்தது நல்ல குறும்பு. அலையும் வெளிச்சமும்கூட வடிவு. காலை வெயில் சாய்வாக விழும்போது உவர்மலையில் நின்று கடலைப் பார்ப்பது போலவே இருக்கும்.

என் குறை வேறு. விளையாட்டில் ஹெர்மிஸின் விமானங்கள் விழ விழ, கொஞ்ச நேரத்தில் தளத்தில் புதிது முளைத்து வரும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி உண்மையான ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அது புறப்பட்டுப் போனது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து. அந்தத் துறைமுகத்தை நான் முப்பது வருசமாகக் கேம்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேடல் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அப்பா கொழும்பிலிருந்து ஒரு 'டிவி கேம்' கொண்டுவந்தார். நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி. ஒரே கார்ட்ரிட்ஜில் ஆயிரக்கணக்கான கேம் என்று மட்டையில் அச்சடித்திருக்கும், உள்ளே இருபது முப்பதுதான் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்றின் பெயர் வெறும் இலக்கம்: 1942.

கறுப்புவெள்ளை டிவியின் முன்னால் நான் சப்பாணி கட்டி உட்கார்ந்து ஆட, சாய்மனைக் கதிரையில் கிடந்த அம்மப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார்.

"என்னடா தம்பி, 1942 எண்டு போட்டிருக்கு?"

"கேம் அம்மப்பா. பிளேன் சுடுறது."

"ஆர் ஆரைச் சுடுறது?"

"நாங்கள் ஜப்பான்காரரைச் சுடுறம்."

"நாங்களோ?" என்று கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார்.

அந்தக் கேமைச் செய்தது கப்கொம் என்ற ஜப்பானியக் கம்பனி என்பது எனக்கு வெகுகாலம் பிந்தித்தான் தெரியவந்தது. 1984இல், மேற்கத்தியச் சந்தையைக் குறிவைத்துச் செய்தது. ஆகவே ஆடுகிறவன் அமெரிக்க விமானத்தில் ஏறி, தோக்கியோவை நோக்கிப் பறந்தபடி, வழியெல்லாம் ஜப்பானிய விமானங்களை வீழ்த்துவான். தன் நாட்டு விமானங்களைச் சுடக் காசு வாங்கிய அந்தத் தைரியத்தை நான் மெச்சுகிறேன். கேம் என்று பார்த்தால் இன்றும் நல்ல கேம். விமானம் குட்டிக்கரணம் அடித்துக் குண்டுகளைத் தப்பும் அந்தப் பொத்தான் எத்தனை தடவை வேலை செய்யும் என்ற கணக்குத்தான் முழு ஆட்டமும். வாழ்க்கையில் நான் முதன்முதல் சிக்கனம் பிடித்தது அதில்தான்.

அம்மப்பா அன்றைக்குச் சொன்னது துண்டு துண்டானது. மிச்சத்தைப் பிறகு படித்து ஒட்டிக்கொண்டேன். அவர் டொக்யாட்டில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்துவிட்டது. 8ஆம் தேதி கற்றலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கடற்படையை மறுபடி கண்டு சொல்ல, துறைமுகத்தில் கிடந்த கப்பல்களை இரவோடிரவாகத் தெற்கே போகச் சொன்னார்கள். ஹெர்மிஸ், அதற்குத் துணையாக வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரி, இன்னும் சில. விடிந்தபோது துறைமுகம் பாதி காலி.

காலை ஏழரை மணியளவில் வந்தார்கள். ஜப்பானியத் தளபதி நாகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து கிளம்பிய ஏறக்குறைய 130 விமானங்கள். தலைமை புச்சிடா. நாலு மாதத்துக்கு முன் பேர்ள் ஹாபரைத் தாக்கப் போன அணியை நடத்திய அதே ஆள். ரேடார் முன்கூட்டியே காட்டிவிட்டதால் சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் மேலே ஏறியிருந்தன. அவை ஏறியிருந்தது கீழே நின்றவனுக்கு என்ன தெரியும்? அம்மப்பாவுக்கு நினைவிருந்தது ஒரு மதகு. அதற்குள் ஏழெட்டுப் பேர் ஒருவர் மடியில் ஒருவராகக் கிடந்தார்களாம். ஒருவர் கையில் பாதி கடித்த ரொட்டி. சத்தம் அடங்கிய பிறகும் அவர் அதைக் கடிக்கவுமில்லை, போடவுமில்லை.

சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றியது. 91ஆம் இலக்கம். ஜப்பானிய விமானம் ஒன்றே அதில் வந்து விழுந்தது என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஒரு கிழமை எரிந்ததாம். வருசப் பிறப்புக்கு நாலைந்து நாள் கிடந்தது. அம்மப்பாவின் தாயார் ஒரு பெட்டியும் பாயும் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு தம்பலகாமத்துக்கு நடந்துவிட்டார். யாரோ ஒருவரின் வயல் குடிலில் வருசம் பிறந்தது. மருத்துநீர் இல்லாமல் தலை முழுகிய ஒரே வருசம் அதுதான் என்பார் அம்மப்பா. குண்டைவிட அந்த மருத்துநீர்க் கவலை அவர் குரலில் கூடுதலாக இருந்தது.

தெற்கே போன ஹெர்மிஸ், ஆபத்துக் கழிந்தது என்று திருகோணமலைக்குத் திரும்பும் வழியில், ஹருனா என்ற போர்க்கப்பலின் வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பி வந்தன. மட்டக்களப்புக்கு அப்பால், அடி விழத் தொடங்கி ஏறக்குறைய 20 நிமிடத்தில் கப்பல் தாண்டுபோனது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் போனார்கள். வம்பயரும் முறிந்து தாண்டது. 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் 590 பேரளவில் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. விளையாட்டில் ஒரு சண்டைக்குக் கொடுக்கும் நேரமும் 20 நிமிடம்தான். வம்பயரும் அதில் இருக்கிறது, மூன்றாம் படியில்.

டிவி கேமோடு ஒரு பிளாஸ்டிக் துவக்கும் வந்தது. தாரா சுடும் கேமுக்கு. கொழும்பிலிருந்து பஸ்சில் வரும்போது ஒரு சோதனைச் சாவடியில் அப்பாவின் பெட்டியைக் கொட்டச் சொன்னார்கள். துவக்கு வெளியே விழுந்தது. சிப்பாய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, கூட நின்றவனின் நெஞ்சுக்கு நேரே பிடித்து, விசையை இழுத்து, சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். அப்பா வீட்டுக்கு வந்தபோதும் சேர்ட்டின் முதுகு காயவில்லை. அம்மா அதை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். கதவையும் யன்னலையும் சாத்திய பிறகுதான் துவக்கு வெளியே வரும். விளையாடி முடிந்ததும் எண்ணி வாங்குவது போல வாங்கி வைப்பார். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் கையில் துவக்கோடு வாசலுக்கு ஓடினால் என்ன ஆகும் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. தாராக்களைப் பூட்டிய அறைக்குள் குசுகுசுத்தபடிதான் சுட்டோம்.

2002இல் போர் நிறுத்தம் வந்ததும் கேம் கடைகள் வந்தன. நான் போனது மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஓர் ஒடுக்கமான அறை. நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன் இரண்டு, ஒரு சுழலும் காற்றாடி, சுவரில் கொப்பித்தாளில் எழுதிய விலை: அரை மணிக்கு 20 ரூபாய். சீடி எல்லாம் கள்ளப் பிரதிதான். கீறல் விழுந்தால் கடைக்கார அண்ணை பற்பசை தேய்த்து, சாரத்தில் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துப் போடுவார். பாதிக்குப் பாதி வேலை செய்யும். தமிழ்ப் பெடியன், முஸ்லிம் பெடியன், சிங்களப் பெடியன் எல்லாரும் அந்த அறைக்குள் ஒரே கொன்ட்ரோலருக்குச் சண்டை பிடித்தோம். கிண்ணியாவிலிருந்து வருகிறவன் கடைசிப் படகுப் பாதை போய்விடும் என்று பாதி ஆட்டத்தில் ஓடுவான். பாலம் 2009இல்தான் திறந்தது.

அங்கேதான் 'மெடல் ஒஃப் ஹொனர்: ரைசிங் சன்' வந்தது. 2003 நவம்பர் வெளியீடு. பேர்ள் ஹாபரில் தொடக்கம். கப்பலின் அடித்தட்டில் விழித்து, தீக்குள்ளால் ஓடி மேல்தளத்துக்கு வரும் முதல் கட்டத்தை இன்றும் நான் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தொடக்கங்களில் ஒன்று என்பேன். அதற்குப் பிறகு கேம் சரிவுதான். எதிரிகள் மரமண்டைகள், தமக்குச் சுடத் தெரியும் என்பதையே மறந்து நிற்பார்கள். ஆனால் நான் முடிக்காமல் விடவில்லை. பிலிப்பைன்ஸ், குவாடல்கனால், சிங்கப்பூர் என்று கதை மேற்கே வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்தது 1942 பெப்ரவரி. கணக்குப்படி அடுத்தது நாங்கள். பெடியளிடம் சொல்லியும் வைத்தேன், அடுத்த கட்டம் திருகோணமலைதான் என்று. கதை வளைந்து பர்மாக் காட்டுக்குள் போய்விட்டது. ஒரு கிழமை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அமெரிக்கன் சண்டை பிடித்த இடம் மட்டுமே கேமில் வரும் என்ற விதி எனக்கு அன்றைக்குத் தெரியாது. இங்கே அடி வாங்கியது பிரித்தானியன். வெற்றி என்று காட்டவும் ஒன்றுமில்லை. வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று இரண்டு மாதத்தில் மிட்வேயில் தாண்டன. மிட்வே எத்தனை கேமில் வந்துவிட்டது! கப்கொம்கூட அடுத்ததாக 1943 என்று போட்டு மிட்வேக்குத்தான் போனது.

கடை 2006 ஏப்ரல் வரை நின்றது. 12ஆம் தேதி சந்தையில் குண்டு வெடித்து, கடைகள் எரிந்த கலவரம். எங்கள் கடைக்கு நெருப்பு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகளை வெளியே விட எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. அண்ணை ஒவ்வொரு பெட்டியாக விற்றார். இப்போது அந்த இடத்தில் ரீலோட் போடுகிறார்கள்.

வரைபடக் கேம்கள் பிடித்தவர்களுக்கு ஒரு தகவல். 1782 ஜனவரியில் இந்தத் துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஓகஸ்டில் சுஃப்ரன் வந்து பிரெஞ்சுக்காரருக்காகப் பிடித்தார். ஒரே வருசத்தில் கோட்டையில் மூன்று கொடி. சமாதானம் பேசியபின் மறுபடி ஒல்லாந்தருக்கே கொடுத்தார்கள். கணினியில் நான் இப்படி ஆடினால் மருமகன் 'சும்மா கிளிக் பண்ணாதீங்கோ மாமா' என்பான்.

2022 ஏப்ரல் 28 அன்று 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டு' கேமுக்குத் திராவிடர் என்ற புதிய இனம் வந்தது. இராஜேந்திர சோழனின் கதை, திரிசடை என்ற போர்க்கப்பல், தமிழில் பதில் சொல்லும் வீரர்கள். விறகு வெட்டப் போகும் ஆள் தமிழில் பேசுவதைக் கேட்க எனக்கு இருபது வருசம் எடுத்தது. அந்த வசந்தத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. பற்றரியில் கிடந்த சொச்சத்தில் சோழனை ஆடினேன். குரல்கள் நன்று, சோழப் பொருளாதாரம் கடலில் மீனை நம்பியிருப்பதும் பொருத்தம். குதிரைப்படை பலவீனமாக வைத்ததுகூட நியாயம். காலையில் எழும்பி மோட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் வரிசைக்குப் போனேன். பத்து இலட்சம் தொன் அளவுக்கு எண்ணெய் கொள்ளும் என்று சொல்லப்படும் 99 தாங்கிகள் ஊருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றை யார் யார் பங்கிடுவது என்று அந்த ஜனவரியில்தான் கையெழுத்தாகியிருந்தது. வரிசையில் நின்றவர்களுக்குள் அந்தப் பகிடி தினமும் புதிதாகப் பிறந்தது.

1942 தாக்குதலில் துறைமுகத்துக்குள் எரிந்த 'சகைங்' என்ற பயணிகள் கப்பலை 1943இல் துறையாகப் பயன்படுத்துவதற்காக மூழ்கடித்து வைத்திருந்தார்கள். 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்தார்கள். 138 மீற்றர் இரும்பு, 75 வருசப் பாசியும் சிப்பியும். எனக்கு அதை ஒரு கேமில் செய்யவேண்டும்: ஓட்டையைத் தேடு, அடை, தண்ணீரை இறை, பாரத்தைச் சரிபார். சுடுவதே வேண்டாம்.

இந்த வருசம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க அலுமாரியை நகர்த்தினோம். சீலைகளுக்கு அடியில் அந்தத் துவக்கு. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, தாரா இருந்த இடம் வெள்ளையாக மின்னும். துவக்கின் வாயிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். பழைய குமிழ் டிவி இல்லாமல் அது வேலை செய்யாது. மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு, கூட்டாளிகளுக்குக் காட்டப் புறப்பட்டான். அம்மா குசினியிலிருந்து வந்து அவன் கையிலிருந்து வாங்கினார்.

"இப்ப செக்பொயின்ற் ஒண்டும் இல்லை அம்மா" என்றேன்.

"இல்லைத்தான்" என்றார். பின்வளவுக்குப் போய், அம்மியில் வைத்து, குழவியால் இடித்தார். நாலு இடி. துண்டுகளைப் பொறுக்கி, இரண்டு பைகளில் பிரித்துக் கட்டினார், ஒன்று இன்றைய குப்பைக்கு, மற்றது அடுத்த கிழமைக்கு. விசைக்குள் இருந்த சின்னக் கம்பிச் சுருள் மட்டும் உருண்டு போய் மருமகனின் காலடியில் நின்றது. அவன் அதைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான்.